நூற்று நாற்பத்தாறு கிலோஜூல்

மார்ச் 6, திங்கள்

அடுத்த திங்கட்கிழமை எங்கள் வேதியியல் துறை ஸ்டோரில் ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு. விலங்கியலிலிருந்து இரண்டு பேர் வந்து பாட்டில்களை எண்ணுவார்கள். அவர்களுக்கு ஈதருக்கும் இளநீருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனாலும் எண்ண வேண்டும், நான் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட வேண்டும். எட்டு வருஷமாக இந்தக் கூத்து நடக்கிறது.

இதற்காகவே மாடக்கண்ணு நான்கு நாளாகப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஆய்வக உதவியாளர், இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. எல்லாம் முடிந்தது என்று இன்று வந்து சொன்னார். போய்ப் பார்த்தால் மேல் தட்டுகள் பளபளவென்று இருக்கின்றன, பெயர்ச்சீட்டுகள் எல்லாம் முன்னால் திரும்பி நிற்கின்றன. அடித்தட்டில் விரலை வைத்தேன். விரல் கறுத்துவிட்டது.

"மாடக்கண்ணு, இது என்ன?"

"துடைச்சேம்லா மேடம்."

"எப்போ? போன ஜென்மத்துலயா?"

அவர் முழங்காலைத் தடவினார். "கீழ உக்கார ஏலல மேடம். முட்டு ரெண்டும் போச்சு. உக்காந்தா எந்திரிக்க முடியல. மூணு வருசமா அடித்தட்ட மட்டும் விட்டுருதேன். ஆருட்டயும் சொல்லல."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. மூன்று வருஷமாக முடிந்தது முடிந்தது என்று என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார், நான் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முட்டு வலி என்றால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கணும், வேலை பார்க்கிற மாதிரி நடிக்கக் கூடாது என்று சத்தம் போட்டேன். எம்.எஸ்ஸி. பெண்கள் நான்கு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"சனிக்கெழமைக்குள்ள முடிச்சிருதேன் மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்தால் கேஸ் தீர்ந்து, இட்லி பாதி வேக்காட்டில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் ஹோட்டலுக்குப் போய் பரோட்டா வாங்கி வந்தார்.

மார்ச் 7, செவ்வாய்

முதல் வகுப்பு இல்லை. அடித்தட்டில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்க்க செல்போன் டார்ச்சோடு நானே குனிந்தேன். மூலையில், ஆசிட் ஜாடிக்குப் பின்னால், ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில். அரை லிட்டர். ஐசோபுரொப்பைல் ஈதர். மூடியைச் சுற்றி வெள்ளையாக ஊசி ஊசியாகப் படிகம் பூத்திருக்கிறது, போர் தண்ணீர் கொதித்த பாத்திரத்து விளிம்பில் உப்பு பூக்குமே, அது போல. கண்ணாடிக்கு உள்ளேயும் கழுத்துவரை அதுவே.

மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, கதவைப் பூட்டி, வழக்கமாக மாடக்கண்ணுவிடம் இருக்கும் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். துறைத் தலைவர் அறையில் இன்னொரு சாவி உண்டு, அதை யாரும் தொடுவதில்லை. மாடக்கண்ணு வந்து கேட்டபோது "அடித்தட்டு இப்போ வேண்டாம், அப்புறம் பாக்கலாம்" என்றேன். முந்தின நாள் அப்படிக் கத்தியவள் இன்று வேண்டாம் என்கிறாளே என்று அவர் துடைக்கிற துணியை மடித்துக்கொண்டு போனார்.

இது என்ன என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். திறந்த ஈதரை வருஷக்கணக்கில் விட்டால் அது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். அப்படி வருவதுதான் பெராக்சைடு, மூடியைச் சுற்றிப் பூத்திருக்கும் அந்தப் படிகம். அதில் ஆக்சிஜன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் ஒற்றைக் கை கோத்து நிற்கும். அந்தப் பிணைப்பின் வலிமை 146 கிலோஜூல். கார்பனுக்கும் கார்பனுக்கும் 347. நாம் மூச்சு விடுகிற காற்றின் நைட்ரஜனுக்கு 945, அதைப் பிரிக்க மின்னல் வெட்ட வேண்டும். இதைப் பிரிக்க மூடியைத் திருகுகிற உராய்வு போதும்.

பெயர்ச்சீட்டில் 'திறந்த நாள்' என்ற இடத்தில் 2012 என்று இருக்கிறது. நீல மை. கையெழுத்து மங்கிவிட்டது.

மார்ச் 8, புதன்

மகளிர் தினம். எல்லாரும் ஊதாப் புடவையில் வரச் சொல்லி உத்தரவு. என்னிடம் ஊதா இல்லை, கத்தரிப்பூவில் போனேன். ஆளுக்கொரு பிளாஸ்டிக் ரோஜா தந்தார்கள். பெண்களின் துணிச்சல் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன், கை தட்டினார்கள்.

மதியம் துறைத் தலைவர் தேவசகாயம் சாரிடம், ஸ்டோரில் பழைய ஈதர் பாட்டில் ஒன்று கிடக்கிறது என்றேன். மே மாதம் ஓய்வு பெறுகிறவர், மேசையை ஏற்கெனவே காலி பண்ணத் தொடங்கிவிட்டார்.

"பழசா? மாடக்கண்ணுட்ட சொல்லுங்க மேடம். பின்னாடி குழியில போட்டுட்டு வந்துருவான்."

"இல்ல சார், நானே பாத்துக்கிடுதேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்குப் பின் சீனியாரிட்டியில் நான்தான். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மார்ச் 9, வியாழன்

இரண்டாம் ஆண்டு வகுப்பில் பிணைப்பு ஆற்றல். தள்ளிப் போடலாமா என்று பார்த்தேன், பாடத்திட்டம் விடவில்லை. பிணைப்பு என்றதும் பாசம், பந்தம் என்று ஆண்டு மலரில் கவிதை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அணுவுக்குப் பாசமெல்லாம் கிடையாது. எந்த ஜோடியில் ஆற்றல் குறைவோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

கடைசி பெஞ்சு பேச்சித்தாய் எழுந்தாள். "மேடம், ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்புதான் ரொம்ப வீக்குன்னு சொன்னீங்க. வீக்கான பிணைப்பு உடைஞ்சா கொஞ்சம் சக்திதானே வரும்? பெராக்சைடு எப்படி வெடிக்கும்?"

வருஷா வருஷம் பிள்ளைகள் செய்கிற அதே தப்பு. எந்தப் பிணைப்பும் உடையும்போது சக்தி தராது, சக்தியை வாங்கித்தான் உடையும் என்றேன். பலமில்லாத பிணைப்புக்குக் கொஞ்சம் கொடுத்தால் போதும், கையை விட்டுவிடும். விட்ட அணுக்கள் அடுத்த நொடியே பலமான ஜோடிகளைத் தேடிச் சேரும். கார்பனோடு சேரும், ஹைட்ரஜனோடு சேரும். அப்படிச் சேரும்போதுதான் சக்தி கொட்டுகிறது. எவ்வளவு சுலபமாக விடுகிறதோ அவ்வளவு ஆபத்து.

"அப்போ அது சும்மா இருக்கும்போது ஒண்ணும் பண்ணாதா மேடம்?"

"யாரும் தொடாத வரைக்கும்" என்றேன். சாக்பீஸ் விரலுக்குள் ஒடிந்துவிட்டது.

ஸ்டோர் பொறுப்பை ஏற்ற முதல் வருஷம் மாடக்கண்ணுவைக் கூப்பிட்டு, "வெறும் துடைச்சா போதாது, ஒவ்வொரு மூடியையும் நல்லா இறுக்கி வைக்கணும், இல்லாட்டி ஈதரெல்லாம் பறந்துடும்" என்று சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வருஷா வருஷம் இருநூற்றுச் சொச்சம் மூடிகளையும் இறுக்குகிறார். முட்டு வலி வராமல் இருந்திருந்தால் இந்த மூன்று வருஷமும் இதையும் இறுக்கியிருப்பார்.

நீல மைக் கையெழுத்து என்னுடையது. இதை இந்த நோட்டில் எழுதவே எனக்கு இரண்டு நாள் ஆகியிருக்கிறது. என் முனைவர் பட்ட வேலைக்கு வாங்கினேன், பாதி பயன்படுத்தினேன். பட்டம் வந்தது, பாட்டில் அங்கேயே நின்றது. எட்டு வருஷமாக 'பரிசோதித்துச் சரிபார்க்கப்பட்டது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு வருகிறேன்.

மார்ச் 10, வெள்ளி

முதல்வருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'நெடுநாள் இருப்பிலுள்ள வேதிப்பொருள் ஒன்று' என்று தொடங்கி, 'ஒன்று' என்பதை அடித்து, மற்றதையும் அடித்துக் கிழித்துப் போட்டேன். திங்கள் கழியட்டும். பூட்டிய அறை, சாவி என்னிடம். பாட்டில் தானாக எழுந்து நடக்கப் போவதில்லை.

மாலை மாடக்கண்ணு வாசலில் நின்றார். "எம்மேல நம்பிக்க இல்லாமத்தான் சாவிய வாங்கி வச்சிருக்கியளா மேடம்? பிள்ளையளு முன்னால பேசுனது கூட பரவால்ல. வேலைய முடிக்கவாது விடுங்க."

"சும்மா நச்சரிக்காதீங்க மாடக்கண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 11, சனி

எழுத்து கோணினாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

காலை பத்தரை. மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் போன் கேட்கவில்லை. சங்கரலிங்கம் எடுத்து வந்து காதில் வைத்தார். "ஒங்க மாடக்கண்ணு. மூணு தடவ கூப்ட்டுட்டாரு."

"மேடம், கோவப்படாதிய. பெரிய சார்ட்ட இன்னொரு சாவி கேட்டு வாங்கிட்டேன். அடித்தட்டு பூரா துடைச்சாச்சி, மூடியெல்லாம் இறுக்கியாச்சி. ஒரே ஒரு பாட்டிலு மட்டும் அடம் புடிக்கி. மூடியச் சுத்தி வெள்ளையா பூத்துக் கெடக்கு. கையால திருகிப் பாத்தேன், அசைய மாட்டேங்கு. கொறடு வச்சித் திருகட்டா, இல்ல சுடுதண்ணி ஊத்தட்டான்னு கேக்கத்தான் கூப்ட்டேன்."

கையால திருகிப் பாத்தேன். அந்த மூன்று சொற்களுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் எனக்குச் சரியாகக் காதில் ஏறவில்லை.

"அண்ணாச்சி" என்றேன். பதினாறு வருஷத்தில் அவரை நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. "அண்ணாச்சி, பாட்டில் இப்போ எங்க இருக்கு?"

"மடியில. ரெண்டு தொடைக்கும் நடுவுல வச்சிப் புடிச்சிருக்கேன்."

"திருகாதீங்க. மூடியில இருந்து கைய எடுங்க. மெல்ல."

"எடுத்தாச்சி."

"கொறடு எங்க?"

"சோத்துக் கையில."

"கீழ போட்டுராதீங்க. சட்டப் பையில வைங்க. போன் எங்க இருக்கு?"

"தட்டுமேல. ஸ்பீக்கர்ல போட்ருக்கேன். என்ன மேடம் இது? ஆசிட்டா?"

சங்கரலிங்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டு கிரைண்டரை நிறுத்தினார்.

"வெடிக்கும் அண்ணாச்சி. ஆளக் கொன்னுரும்."

போனில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் மூச்சு கேட்டது.

"இப்பம் நான் என்ன செய்யணும்?"

துடைக்கிற துணியைத் தரையில் மடித்துப் போடச் சொன்னேன். இரண்டு கையாலும் பாட்டிலின் வயிற்றைப் பிடித்து, மூடியைத் தொடாமல், சாய்க்காமல், துணிமேல் இறக்கச் சொன்னேன். அவர் வாய்க்குள் சுடலைமாடனைக் கூப்பிடுவது கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அரை நாள் போல இருந்தது.

"எறக்கியாச்சி."

"நல்லது. எந்திரிச்சு வெளிய வாங்க."

"எந்திரிக்க ஏலாது மேடம்."

"என்ன சொல்றீங்க?"

"ரேக்கப் புடிச்சாத்தான் எந்திரிப்பேன். முட்டு விடாது."

அந்த ரேக்கின் ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் சொருகி வைத்திருக்கிறோம். பிடித்து இழுத்தால் நான்கு தட்டும் ஆடும், மேலிருந்து ஏதாவது ஒன்று துணிமேல் இருப்பதன்மீது விழுந்தால் போதும்.

"ரேக்கத் தொடாதீங்க! உக்காந்தபடியே பின்னால நகருங்க."

"குண்டியால நவுரச் சொல்லுதியளா?"

"ஆமா அண்ணாச்சி. கால் பாட்டில்ல பட்டுராம. மெதுவா."

தரையில் துணி தேய்கிற சத்தம். நிற்கும். திரும்பத் தேயும். கதவுக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். வலியில் அவர் முனகுவது தூரமாகத் தூரமாகப் போயிற்று. நான் அழுதுகொண்டிருந்தேன், அது அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன், மாவு கையாலேயே.

வெகு தூரத்திலிருந்து கத்தினார். "மேடம், வாசலுக்கு வந்தாச்சி! நெலையப் புடிச்சி எந்திரிச்சிட்டேன்!"

"போன அங்கயே விட்டுருங்க! கதவ இழுத்து அடைக்காண்டாம்! கட்டடத்துல ஒருத்தர் பாக்கி இல்லாம வெளிய கூட்டிட்டுப் போயிருங்க!"

அதன் பிறகு மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சங்கரலிங்கத்தின் போனில் தீயணைப்புக்கும் போலீசுக்கும் பேசினேன். என்ன பொருள், எத்தனை வருஷம், யார் திறந்தது என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் பெயரைச் சொல்லும்போது மட்டும் ஆவுடைநாயகி என்பதை இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

மார்ச் 12, ஞாயிறு

வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் நேற்று மாலையே வந்துவிட்டார்கள். இன்று காலை விளையாட்டு மைதானத்தின் ஓரத்தில் குழி வெட்டி, மணல் மூட்டை அடுக்கி, பாட்டிலைப் பெட்டியில் வைத்து மெதுவாக நடந்து கொண்டுபோனார்கள். அவர்களின் தலைவர் என்னிடம், "மூடியத் திருகினது யாரு மேடம்? அவருக்கு ஆயுசு கெட்டி" என்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மாடக்கண்ணு நின்றிருந்தார். அவரைக் காட்டினேன்.

வெடித்தபோது நெஞ்சில் யாரோ குத்தின மாதிரி இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்க வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. அரை லிட்டரில் பாதி கூட இல்லை.

மணல் அடங்கும் வரை மாடக்கண்ணு அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்பம், இந்த மூணு வருசமும் நான் ஒழுங்கா வேல பாத்திருந்தா?"

"செத்திருப்பீங்க."

"மூடிய இறுக்கச் சொன்னது?"

"நான்தான்."

"பாட்டிலு ஆருது?"

"என்னுது."

"செவ்வாக்கெழம சாவிய வாங்கி வச்சியளே. அன்னைக்கே தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "தெரியும்" என்றேன்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேனே மேடம்" என்றார். சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து நடந்தார். பின்னால் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. போகவில்லை.

மார்ச் 13, திங்கள்

சரிபார்ப்பு தள்ளி வைக்கப்பட்டது. மாடக்கண்ணு வரவில்லை.

மார்ச் 15, புதன்

முதல்வர் அறையில் கூட்டம். தேவசகாயம் சார் ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். மாடக்கண்ணுவுக்கு மெமோ. 'மூன்று ஆண்டுகளாக அடித்தட்டைப் பராமரிக்காமல் அலட்சியம் காட்டியதற்கும், அனுமதியின்றி ஸ்டோரில் நுழைந்ததற்கும் விளக்கம் தருக.' பொறுப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட வேண்டும்.

"சாவி குடுத்தது நீங்கதானே சார்?"

"அத விடுங்க மேடம். அவனுக்கு ஒரு மெமோவோட போயிரும். உங்களுக்கும் நல்லது, டிபார்ட்மெண்டுக்கும் நல்லது." உண்மையிலேயே எனக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார்.

கைப்பையில் வேறு கடிதம் வைத்திருந்தேன். இரவெல்லாம் எழுதியதல்ல, காலையில் டீ கொதிக்கும் நேரத்தில் எழுதியது. நான்கே வரி. திறந்தது நான், மறந்தது நான், பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான், ஆபத்து தெரிந்த பிறகும் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது நான். முதல்வர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மெமோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்மேல் விசாரணை. சீனியாரிட்டிப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே அதை எழுதிவிட்டார்கள்.

சங்கரலிங்கம் கேட்டுவிட்டு, "சரி விடு, தல போகல" என்றார். போயிருக்கும் என்றேன், என்னுடையது இல்லை.

மார்ச் 20, திங்கள்

மாடக்கண்ணு இன்று வந்தார். விசாரணை முடியும் வரை ஸ்டோர் பொறுப்பு எனக்கே, ஏனென்றால் வேறு யாரும் அதை ஏற்கத் தயாராக இல்லை. அவரை நூலகத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஸ்டோர் வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், இந்த ரூமுக்குள்ள இருவத்திரெண்டு வருசமா கை விட்டிருக்கேன். ஒவ்வொண்ணா காட்டிச் சொல்லுங்க. பேரு எனக்கு வேண்டாம், வாயில நொழையாது. என்னைய என்ன செய்யும்னு மட்டும் சொல்லுங்க."

வகுப்புகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். டார்ச் அடித்துப் பாட்டிலின் கழுத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது தோலைப் பொசுக்கும். இது கண்ணைக் கெடுக்கும். இது மூச்சில் போனால் ஈரல் போகும். இது வெறும் உப்பு. கந்தக அமிலத்துக்கு மட்டும் அவர் என்னை முந்திக்கொண்டு, "அது தெரியும்" என்று முழங்கைத் தழும்பைக் காட்டினார். அது எப்போது பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். "நீங்க பொறுப்பு எடுத்த ரெண்டாம் வருசம்" என்றார்.

மதியத்துக்குப் பிறகு ஒரு சின்ன பாட்டில் வந்தது. பெயர்ச்சீட்டைப் பூச்சி அரித்துவிட்டிருந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ கட்டி.

"இது?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "தெரியாது" என்றேன்.

"தெரியாதா?"

"தெரியாது அண்ணாச்சி."

நான்கு மணிக்கு நூற்றுப் பதினைந்து பாட்டில் முடிந்திருந்தது. அதில் பதினொன்று எனக்கே தெரியாதவை. எதன் கழுத்திலும் படிகம் இல்லை. ஆனாலும் அவற்றை இங்கே வைத்திருக்கக் கூடாது, வெளியே மணல் தொட்டி போட்ட தனி அறைக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கம்போல வாசல் பக்கம் பார்த்தேன். பதினாறு வருஷமாக அப்படிப் பார்த்தால் போதும், அவர் எழுந்து வருவார்.

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"நீங்க எடுங்க மேடம்" என்றார்.

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கினேன்.